‘பேஸிக் இன்ஸ்டிங்ட்’: கோத்தகிரியில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு தோழி வீட்டு ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பத்துப் பதினைந்து பேர் கூடிப் படம் பார்க்கிறோம். ஐப்பசி மழையில் ஒருமுறை ‘பேஸிக் இன்ஸ்டிங்ட்’ போட்டோம். அன்று வராதவர்கள் கேட்டதால் இன்னொரு முறை, பார்த்தவர்களே மறுபடி கேட்டதால் மூன்றாம் முறை என்று அது நீண்டது. மூன்று மாலையும் படம் முடிந்து வர்க்கியும் டீயும் வந்தபோது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் எழுந்தன. அப்புறம் பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும்கூட நிறுத்திக் கேட்டார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன்.

“அக்கா, இது சும்மா அந்த மாதிரிப் படம்தானே?”

இல்லை. 1992-ல் வந்த அமெரிக்கத் துப்பறியும் படம். இயக்கியவர் நெதர்லாந்துக்காரரான பால் வெர்ஹோவன், எழுதியவர் ஜோ எஸ்டர்ஹாஸ். இந்தக் கதையை அவர் 30 லட்சம் டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் ஒரு திரைக்கதைக்கு யாரும் கேள்விப்படாத விலை அது. மைக்கேல் டக்ளஸ் துப்பறிவாளர் நிக்காகவும், ஷரோன் ஸ்டோன் கொலைச் சந்தேகத்துக்கு ஆளான எழுத்தாளர் கேத்தரினாகவும் நடித்தார்கள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமும் இதுதான். படத்தொகுப்புக்கும் இசைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

உடல் காட்டும் காட்சிகள் படத்தில் நிறையவே இருக்கின்றன. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. அது ஏன் என்பதைக் கீழே தனிக் கேள்வியில் சொல்கிறேன்.

“படம் பார்க்காதவங்க இதைப் படிக்கலாமா?”

படம் பார்த்துவிட்டுப் படியுங்கள். யார் சாகிறார்கள், கடைசிக் காட்சியில் என்ன தெரிகிறது என்பதெல்லாம் கீழே வருகிறது.

“வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?”

கூடாது. 18 வயது நிரம்பியவர்களுக்கான படம். அமெரிக்காவிலேயே முதலில் மிகக் கடுமையான வயதுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுகளை வெட்டிய பிறகுதான் சாதாரணத் திரையரங்குகளுக்கு வந்தது. எங்கள் வீட்டு ஹாலிலும் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்குக் கீழே யாரையும் உட்கார வைக்கவில்லை.

“ஐஸ் பிக் ஐஸ் பிக் என்கிறார்களே, அது என்ன ஆயுதம்?”

ஆயுதம் இல்லை, சமையலறைச் சாமான். மரக் கைப்பிடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கூரான எஃகுக் கம்பி செருகியிருக்கும். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் வீட்டுக்குப் பாளமாக வரும் ஐஸைக் குத்தி உடைக்க அதை வைத்திருந்தார்கள். நம் மலையில் அதற்கு வேலையே இல்லாததால் நமக்குப் பழக்கமில்லை. கீழே மீன் மார்க்கெட்டில் பெட்டி ஐஸை உடைக்கிற கூர்க்கம்பியைப் பார்த்திருந்தால் உடனே புரியும்.

படத்தில் இதன் பயன் பெரிது. துப்பாக்கியை யார் கையில் பார்த்தாலும் நமக்குப் பயம் வரும். ஐஸ் பிக்கைப் பார்த்துப் பயப்படுவதற்கு, முதல் காட்சியில் அது என்ன செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பாதிப் படத்தில் கேத்தரின் நிக்கின் வீட்டில் நின்று சாவகாசமாக ஐஸ் உடைக்கிறாள். அது வெறும் சமையலறைக் காட்சி. ஆனால் எங்கள் ஹாலில் மூன்று முறையும் அந்த இடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.

“எனக்கு ஆள் பெயரே குழம்புது. கதையை ஒருதடவை சொல்லுங்க.”

சான் பிரான்சிஸ்கோ. ஜானி பாஸ் என்ற பழைய ராக் பாடகர் தன் படுக்கையிலேயே ஒரு பொன்னிறக் கூந்தல்காரியால் ஐஸ் பிக்கால் குத்திக் கொல்லப்படுகிறார். முகம் தெரியவில்லை, கூந்தல் மறைக்கிறது. விசாரிக்க வருபவர்கள் நிக் கர்ரனும் அவருடைய கூட்டாளி கஸ்ஸும். பாஸோடு பழகிவந்தவள் கேத்தரின் ட்ரமெல்: பணக்காரி, குற்ற நாவல் எழுதுபவள். இதே மாதிரிக் கொலை அவள் முன்பே வெளியிட்ட நாவலில் இருக்கிறது.

நிக்கும் சுத்தமானவர் இல்லை. போதைப்பொருள் பழக்கத்தில் இருந்தபோது வேலை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றவர். அதனால் துறையின் மனநல மருத்துவர் பெத் கார்னரிடம் போய்வருகிறார், அவளோடு உறவும் இருந்திருக்கிறது. நிக்கின் ரகசிய மருத்துவக் கோப்பை நில்சன் என்ற உள்விசாரணை அதிகாரி மூலம் கேத்தரின் விலைக்கு வாங்கிவிடுகிறாள். அவளுடைய அடுத்த நாவலின் நாயகனே நிக்தான். அப்புறம் நில்சன் சுடப்பட்டுச் சாகிறார். கேத்தரினின் காதலி ராக்ஸி, நிக்கைக் கார் ஏற்றிக் கொல்லப் பார்த்துத் தானே சாகிறாள். கல்லூரிக் காலத்தில் கேத்தரினுக்கும் பெத்துக்கும் ஏதோ இருந்தது தெரியவருகிறது. யார் யாரைத் துரத்தினாள் என்பதில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். கடைசியில் கஸ் லிஃப்டில் குத்திக் கொல்லப்பட, அங்கே வந்து நிற்கிற பெத்தை நிக் சுட்டுவிடுகிறார்.

“தான் எழுதின நாவல் மாதிரியே யாராவது கொலை செய்வாங்களா? அவ்வளவு முட்டாளா அவ?”

இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் அவளுடைய காப்பு. ‘நான் எழுதிய மாதிரியே நான் கொன்றிருந்தால் நான் முட்டாளாகத்தான் இருக்க வேண்டும், என்னை மாட்டிவிட வேறு யாரோ செய்திருக்கிறார்கள்’ என்பது அவள் வாதம். போலீசுக்கும் அதை மறுக்க வழியில்லை. நாவல் அவளுக்கு எதிரான சாட்சியாகவும் அவளைக் காப்பாற்றும் சாட்சியாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. திரைக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இது.

“அந்த விசாரணை அறைக் காட்சியை ஏன் இத்தனை வருஷமா பேசுறாங்க?”

உள்ளாடை இல்லாத கேத்தரின் கால் மாற்றிப் போடுகிற அந்த ஒரு நொடிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நொடியை மறந்துவிட்டு மறுபடி பாருங்கள். அறையில் பல ஆண்கள், நடுவில் தனி நாற்காலியில் ஒருத்தி. இதுவரை பார்த்த எந்தப் போலீஸ் படத்திலும் அப்படி உட்கார்ந்தவள் நடுங்குவாள். இங்கே வியர்ப்பது எதிரே இருப்பவர்களுக்கு. புகைக்கக் கூடாது என்கிறார்கள், அவள் பற்றவைக்கிறாள். வக்கீல் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பதில் சொல்லிக்கொண்டே நிக்கின் பழைய போதைப் பழக்கத்தைப் பற்றி அவள் திருப்பிக் கேட்கும்போது, யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது.

ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு பார்த்தார். அவர் கவனித்தது வெளிச்சத்தை. அவளுடைய உடையும் கூந்தலும் வெளிறி ஒளிர்கின்றன. சுற்றியிருக்கும் ஆண்கள் நீலமும் சாம்பலுமாக நிழலில் இருக்கிறார்கள். ஒளிப்பதிவு யான் டி போன்ட். வெள்ளை உடுப்பும் தூக்கிக் கட்டிய பொன்னிறக் கொண்டையும் 1958-ல் ஹிட்ச்காக் இதே நகரத்தில் எடுத்த ‘வெர்டிகோ’வை நினைவுபடுத்துகின்றன. அதுவும் ஒரு துப்பறிவாளன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தன்னைத் தொலைக்கிற கதைதான்.

“அந்த நடிகைக்குத் தெரிஞ்சுதான் அப்படி எடுத்தாங்களா?”

ஷரோன் ஸ்டோன் 2021-ல் வெளியிட்ட தன் வாழ்க்கை நூலில் தெரியாது என்றே எழுதியிருக்கிறார். வெள்ளை உள்ளாடை வெளிச்சத்தில் மின்னுகிறது, கழற்றிவிடுங்கள், எதுவும் தெரியாது என்று படப்பிடிப்பில் சொன்னார்களாம். முடிந்த படத்தை ஓர் அறை நிறைய ஆட்களோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் திரையில் என்ன தெரிகிறது என்பதை அறிந்தாராம். இயக்குநரை அறைந்துவிட்டு வெளியேறி வக்கீலை அழைத்ததையும், படத்தைத் தடுக்க வழியிருந்தும் கடைசியில் கதாபாத்திரத்துக்காக அனுமதித்ததையும் அவரே சொல்கிறார். வெர்ஹோவன் இதை மறுக்கிறார். என்ன எடுக்கிறோம் என்பது ஸ்டோனுக்குத் தெரியும் என்கிறார்.

எனக்கு இதில் குழப்பம் இல்லை. ஒரு நடிகை ‘எனக்குச் சொல்லப்படவில்லை’ என்று சொல்லும்போது, சொன்னோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களுடையது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்று நெருக்கக் காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். எந்த இடம் தெரியும், எந்தக் கை எங்கே படும் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்கிறார்கள். 2018-ல் எச்பிஓ நிறுவனம் தன் தொடர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் வழக்கம் பரவியது. 1991-ல் அப்படி ஒருவர் அந்தத் தளத்தில் இல்லை.

காட்சி நன்றாக இருக்கிறது, எடுத்த விதம் தவறு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியும். எங்கள் ஹாலில் இரண்டாம் முறையிலிருந்து படம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறோம்.

“படுக்கைக் காட்சியெல்லாம் ஓட்டிவிட்டுப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?”

படத்தின் பயம் முழுக்கக் குறைந்துவிடும். முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பட்டுத்துணியால் பாஸின் கைகளைக் கட்டுகிறாள், பின்னால் சாய்கிறாள், முன்னால் வருகிறாள், குத்துகிறாள். அந்த வரிசையை இயக்குநர் நமக்கு மனப்பாடம் செய்துகொடுத்துவிட்டார். பிறகு கேத்தரின் நிக்கோடு இருக்கும்போது அதே வெள்ளைத் துணி வருகிறது, அதே சாய்வு வருகிறது. நாம் உடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கைகளைப் பார்க்கத் தொடங்குகிறோம். ஆசையைத் தூண்டுகிற காட்சியில் உயிர்ப் பயத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டாம் முறை பார்த்துவிட்டு, “அந்த ரூமும் விசாரணை ரூம்தான், இல்லையாக்கா?” என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. விசாரணை அறையில் கேத்தரின் ஆசையைக் கொண்டுவருகிறாள். படுக்கையில் நிக் விசாரணையைக் கொண்டுபோகிறார். ஒவ்வொரு முறையும் உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் போவதாக அவர் தனக்குச் சொல்லிக்கொள்கிறார். நடுப் படத்துக்கு வரும்போது உண்மை அவருக்கு வேண்டாததாகிவிடுகிறது. அந்த மாற்றம் வசனத்தில் எங்கேயும் இல்லை, அந்தக் காட்சிகளில் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்கு நிக் வெறும் மடையனாகத் தெரிவது அதனால்தான்.

ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையையும் இங்கே சொல்ல வேண்டும். காதலுக்கும் கொலைக்கும் தனித்தனி மெட்டு போடாமல் ஒரே மெட்டை வளைத்து வளைத்துக் கொடுக்கிறார். கண்ணை மூடிக் கேட்டால் இப்போது எது நடக்கப்போகிறது என்று சொல்ல முடியாது.

“பொய் கண்டுபிடிக்கிற மிஷினையே ஏமாத்துறாளே, அது முடியுமா?”

அந்தக் கருவி பொய்யைக் கண்டுபிடிப்பதில்லை. மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றை அளந்து கோடு போடுகிறது, அவ்வளவுதான். பொய் சொன்னால் பதற்றம் வரும், பதற்றம் வந்தால் கோடு ஏறும் என்பது அதன் நம்பிக்கை. உண்மை சொல்பவருக்கும் பயத்தில் கோடு ஏறலாம். பதறாத மனசுக்காரர் பொய் சொன்னாலும் ஏறாமல் இருக்கலாம்.

படத்தில் கூர்ந்து கவனிக்க வேண்டியது வேறு. சோதனையில் தேறி வெளியே வந்த கேத்தரினை நிக் காரில் கொண்டுபோய் விடுகிறார். சுற்றுலாப் பயணிகளைச் சுட்ட வழக்கில் நிக்கும் இதே கருவியில் தேறியவர் என்பதை அவள் நினைவுபடுத்துகிறாள். அப்படியானால் நாம் இருவருமே குற்றமற்றவர்கள்தான் என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். இருவரும் ஒரே சாதி என்று அவள் நிக்கிடம் முதலில் சொல்கிற இடம் அது.

“நம்ம ஊர் ஸ்டேஷன்ல ஒரு பொண்ணை இப்படி நடுவுல உட்காரவெச்சு விசாரிக்க முடியுமா?”

சட்டப்படி, வற்புறுத்தி வரவழைக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு, ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விசாரணைக்கு வரும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. அவரே விரும்பினால் வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே விதி 160-ஆம் பிரிவாக இருந்தது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். கைதானவர் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு.

பொய் அறியும் சோதனை பற்றி உச்ச நீதிமன்றம் 2010-ல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவர் சம்மதிக்காமல் இந்தச் சோதனையையோ மயக்க ஊசி விசாரணையையோ நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கு அது விரோதம். சம்மதித்து உட்கார்ந்தாலும் அந்த முடிவை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது. இந்தப் பதிலைப் படத்துக்காக மட்டும் இல்லாமல் உங்களுக்காகவும் நினைவில் வையுங்கள்.

“விசாரிக்கிற அதிகாரியே அவளோடு பழகிட்டா, வழக்கு நிக்குமா?”

நிற்காது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே புலன்விசாரணை முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும். எந்தத் தடயத்தை எடுத்தார், எதை மறைத்தார், யாருக்காக என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் ஒப்புதலாகச் செல்லாது. நிக் படுக்கையில் கேட்டதாகச் சொல்லும் எதையும் யார் நம்புவார்கள்?

கேத்தரினுக்கு இது தெரியும். நிக்கைத் தன் பக்கம் இழுக்க இழுக்க, அவரால் தன்னை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது என்பதும் உறுதியாகிக்கொண்டே போகிறது. காதல் உண்மையா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

“அந்த ரோட்ல அப்படி ஓவர்டேக் எடுக்க முடியுமாம்மா? நான் இருபது வருஷமா ஜீப் ஓட்டுறேன்.”

எடுக்கக் கூடாது அண்ணா, உங்களுக்குத் தெரியாததா. கேத்தரின் லோட்டஸ் காரில் பறக்கிறாள், நிக் எதிரே வருகிற வண்டி தெரியாத வளைவில் முந்தப் பார்க்கிறார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு இறங்கப் பழகிய நமக்கு அதைப் பார்க்கவே வயிறு கலங்கும். அந்தக் காட்சி ஓட்டுநரின் திறமையைக் காட்ட வைத்தது இல்லை. நிக் எதையும் பார்க்காமல் அவள் பின்னால் போகத் தொடங்கிவிட்டார் என்பதைக் காட்டுகிறது.

“அங்கேயும் நம்ம மாதிரி மூடுபனி இருக்குமா?”

உண்டு, காரணம்தான் வேறு. நம் மலையில் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் சரிவில் ஏறித் தெருவுக்குள் நுழைகிறது. சான் பிரான்சிஸ்கோவில் பசிபிக் கடலின் குளிர்ந்த நீரோட்டத்தின் மேல் உருவாகும் பனி, கோடையில் நகரத்துக்குள் வருகிறது. அதுவும் குன்றுகளின் மேல் கட்டிய ஊர்தான்.

“பொண்ணைப் பொண்ணு விரும்புறவங்களையெல்லாம் கொலைகாரிகளா காட்டுறாங்களே, அது நியாயமா?”

நியாயமில்லை. கேத்தரின், ராக்ஸி, பெத் என்று பெண்களை விரும்பும் மூன்று பேர் கதையில் இருக்கிறார்கள். மூவர் மேலும் ரத்தக்கறை அல்லது அதற்கான சந்தேகம் இருக்கிறது. சாதாரணமாக வாழ்கிற ஒருத்திகூட இல்லை. இதை முதலில் சொன்னது நாம் இல்லை. 1991-ல் படப்பிடிப்பு நடந்தபோதே சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலின உரிமை இயக்கத்தினர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எழுத்தாளர் எஸ்டர்ஹாஸ் அவர்களைச் சந்தித்துச் சில மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டார், வெர்ஹோவன் மறுத்துவிட்டார். படம் வெளியானபோது, கொலை செய்தது யார் என்பதைப் பலகையில் எழுதிப் பிடித்துத் திரையரங்கு வாசலில் நின்றார்கள்.

கேத்தரின் யாருக்கும் அடங்காதவள், தன் விருப்பத்துக்காக வெட்கப்படாதவள் என்பதால் அவளைக் கொண்டாடுகிற பெண்களும் இருக்கிறார்கள். எங்கள் ஹாலிலேயே இருவர் அப்படிப் பேசினார்கள். எனக்கும் அவள் நடக்கிற நடையில் ஒரு சந்தோஷம் வருகிறது. ஆனால் ராக்ஸியின் சாவை அத்தனை எளிதாகக் கடந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் இறந்ததற்காகப் படத்தில் அழுவது கேத்தரின் ஒருத்திதான்.

“தமிழ்ல இது மாதிரி இருக்கா?”

இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஆனால் கொலைச் சந்தேகத்தில் இருக்கும் பெண்ணும் விசாரிக்கும் அதிகாரியும் எதிரெதிரே நிற்கிற கதையை 1954-லேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தில் எடுத்துவிட்டார். பாட்டே இல்லாத படம். அங்கே பண்டரிபாயின் முகத்தை விசாரணை அதிகாரி படிக்கப் படிக்க நாமும் படிக்கிறோம். நம் மலையோடு சேர்ந்தது வேண்டும் என்றால் 1980-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. ஆசையும் கொலையும் ஒரே மனத்தில் இருப்பதைப் பேசுகிற படம், ஊட்டிக் குளிரில் போய் முடிகிறது.

“இரண்டாம் பாகம் பார்க்கலாமா?”

2006-ல் வந்தது, லண்டனில் நடக்கிறது. ஷரோன் ஸ்டோனுக்காக ஒருமுறை பார்க்கலாம். படமாக ஒன்றுமில்லை.

“சரி, முடிவா சொல்லுங்க. கொலை செஞ்சது யாரு?”

கேத்தரின். கடைசிக் காட்சியில் திரை இருண்டு, படம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது மறுபடி வெளிச்சம் வந்து, கேமரா கட்டிலுக்குக் கீழே இறங்குகிறது. அங்கே ஐஸ் பிக் கிடக்கிறது. பெத் அப்போது உயிரோடு இல்லை. அதைக் கட்டிலடியில் வைக்க வேறு ஆள் கிடையாது.

அதற்கு முன்பே இன்னொரு தடயம் இருக்கிறது. கஸ் சாவதற்கு முன்னால், கேத்தரின் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் தாளை நிக் படிக்கிறார். துப்பறிவாளனின் கூட்டாளி லிஃப்டில் இறந்து கிடக்கிறான், கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சற்று நேரத்தில் கஸ் அப்படியே கிடக்கிறார். மேலே நாவல் பற்றிய கேள்வியில் சொன்ன தந்திரமேதான், இரண்டாம் முறை.

“அப்போ பெத் வீட்ல கிடைச்ச துப்பாக்கி, போட்டோ எல்லாம்? பெத்தும் ஒரு கொலை பண்ணியிருக்கலாம்ல?”

தந்திரமான கேள்வி. மூன்று மாலையிலும் நேரம் போனதே இதில்தான். பெத்தின் வீட்டில் துப்பாக்கி, கேத்தரினின் புத்தகங்கள், புகைப்படங்கள் கிடைக்கின்றன. கஸ் இறந்த கட்டடத்தில் பொன்னிற விக்கும் ரெயின்கோட்டும் கிடைக்கின்றன. பெத்தின் கணவரும் முன்பு மர்மமாகச் சுடப்பட்டு இறந்தவர். அதனால் பாஸைக் கொன்றது கேத்தரின், நில்சனைச் சுட்டது பெத் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. அதைப் படம் முழுதாக அடைத்துவிடவில்லை.

நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை நாளும் ஒரு தடயமும் விடாத கொலைகாரி, கடைசி நாளில் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போவாளா? அந்தத் தடயங்கள் கண்டெடுக்கப்படுவதற்காகவே வைக்கப்பட்டவை போல இருக்கின்றன. சாகும்போது பெத்தின் கை சட்டைப்பையில் இருந்தது. அங்கே துப்பாக்கி இருக்கும் என்று நினைத்து நிக் சுட்டார். இருந்தது சாவிக்கொத்து. சுற்றுலாப் பயணிகளைச் சுட்ட அதே தவற்றை நிக் மறுபடி செய்கிறார், இந்த முறை தன்மேல் அன்பு வைத்திருந்தவளை. கொலை யார் செய்தது என்று தேடுகிற அவசரத்தில் பலர் இந்தச் சாவை விட்டுவிடுகிறார்கள். கேத்தரின் எழுதினாள் என்றால், அந்த வரியைச் செய்து முடித்தது நிக்.

“நிக்குக்குத் தெரியுமா அவதான்னு?”

தெரியும் என்றே நான் நினைக்கிறேன். பெத்தின் வீட்டில் ஒவ்வொரு தடயமாக எடுத்துக் காட்டும்போது மற்ற அதிகாரிகளுக்கு நிம்மதி வருகிறது. நிக்கின் முகத்தில் அது இல்லை. வீட்டுக்கு வருகிறார், கேத்தரின் வருகிறாள், அவர் கதவைச் சாத்தவில்லை.

கடைசியில் படுக்கையில் கிடந்தபடி இனி என்ன என்று பேச்சு வருகிறது. பிள்ளைகள் பெற்றுச் சந்தோஷமாக இருக்கலாம் என்கிற மாதிரி நிக் ஏதோ சொல்கிறார். பிள்ளைகளே பிடிக்காது என்கிறாள் கேத்தரின். அவள் கை கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறது. நிக் ஒரு கணம் நிறுத்தி, சரி, பிள்ளைகள் வேண்டாம் என்று தன் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறார். அப்புறம்தான் அவள் கை மேலே வருகிறது. வெறுங்கையாக வந்து அவரை அணைத்துக்கொள்கிறது.